திங்கட்கிழமைப் பாடு

முப்பது வருடம் நான் பார்த்த வேலைக்குச் சபைப் பதிவேட்டில் ‘பெண் ஊழியர்’ என்று பெயர். பழவேற்காடு ஏரிக்குப்பங்களில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பைபிளம்மா என்பார்கள், கொஞ்சம் பழகினால் சாராக்கா. வீடு வீடாகப் போய் நோயாளிகளோடும், பிள்ளைத்தாய்ச்சிகளோடும், சாவு விழுந்த வீட்டாரோடும் உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும். போய்வந்ததை நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஓய்வு பெற்ற பிறகும் மாதக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று போன மாதம் போயிருந்தேன். புதிதாக மூன்று பெண்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். நோட்டுக்குப் பதிலாகப் போனிலேயே எழுதி அனுப்பிவிடுகிறார்கள். நல்லதுதான், என் கையெழுத்தைப் படிக்க ஆயர் பட்ட பாடு இனி யாருக்கும் இல்லை. அந்த மூவரில் ஒருத்தி டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, போற ஊட்ல எல்லாம் போன்ல பிரசங்கம் ஓடுது. ஒருத்தரு ஆண்டவரு கோவத்துல கீறாரு, தீர்ப்பு வருதுன்றாரு. அடுத்தவரு அவருக்குக் கோவமே வராது, அன்பு மட்டும்தான்றாரு. ஜனங்க எங்களக் கேக்கறாங்க, ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னு. நீங்க இன்னா சொல்லுவீங்க?”

“டீ ஆறுது, குடி” என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. வேண்டுமென்று அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரு வீட்டில் நடந்தது. அதை டீ நேரத்தில் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். அந்த வீட்டுக்காரி நன்றாக இருக்கிறாள். அவளுக்காகக் குப்பத்தின் பெயரை விட்டுவிட்டேன், ஆட்களின் பெயரை மாற்றிவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் ஆரம்பாக்கம் பக்கம். எங்களுக்கு நெல் விவசாயம். கல்யாணம் கூடிவராமல் தள்ளிக்கொண்டே போனது, நைனாவும் போய்ச் சேர்ந்தார், நான் ஊழியத்துக்கு வந்தேன். ஆறு மாதம் பயிற்சி. பாட்டு, வேதபாடம், உப்பு சர்க்கரைத் தண்ணீர் கலக்குவது, ஆர்மோனியம். ஆர்மோனியம் மட்டும் கடைசிவரை என்னோடு ஒத்துவரவில்லை. பயிற்சி முடிந்ததும் ஏரிப் பக்கம் அனுப்பினார்கள். படகில் ஏறத் தெரியாது. முதல் வாரமே சேற்றில் விழுந்து குப்பமே சிரித்தது.

எனக்கு மேலே இருந்தவர் இம்மானுவேல் ஆயர். ஒல்லியான மனிதர், சத்தம் போட்டே பேச மாட்டார். ஆனால் பிரசங்க மேடையில் நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசினால் முன்வரிசைக்கு வியர்க்கும். நரகம் உண்டு, கணக்குக் கேட்கும் நாள் உண்டு என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அதனால் நான் என்ன நினைத்துக்கொண்டேன் என்றால், கொஞ்சம் பயமுறுத்தினால் ஆயருக்குப் பிடிக்கும் என்று. மண்டையில் மசாலா இல்லாதவள், வேறென்ன சொல்வது.

ஒரு வீட்டுக்குள் எப்படிப் போக வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அடுப்பு எரிகிறதா என்று பார். எரியாவிட்டால் வேதத்தைத் திறக்காதே, முதலில் சாப்பாட்டை விசாரி. கட்டிலில் உட்காராதே. படுத்திருப்பவருக்கும் வாசலுக்கும் நடுவில் நிற்காதே, அவர்களுக்கு மூச்சு முட்டும். ஜெபம் சின்னதாக இருக்கட்டும். வெளியே வந்த பிறகு நோட்டில் எழுது: யார், என்ன கஷ்டம், நீ என்ன சொன்னாய், அவர்கள் என்ன சொன்னார்கள்.

சனிக்கிழமை மதியம் நோட்டோடு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் கையில் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். நாங்கள் எழுதியதை எங்களுக்கே சத்தமாகப் படித்துக்காட்டுவார். நாம் எழுதிய வரியை இன்னொருவர் வாயால் கேட்பது இருக்கிறதே, பல்லைப் பிடுங்குவது தேவலை. எங்கேயாவது ‘ஆண்டவர் இந்த வியாதியைக் கொடுத்தார்’, ‘ஆண்டவர் இவர்களைத் தண்டித்தார்’ என்று எழுதியிருந்தால் அடியில் கோடு போடுவார்.

“நீ பார்த்தியாம்மா?”

“இல்லீங்கய்யா.”

“அப்போ எதுக்கு எழுதுற?”

அடுத்த வரிக்குப் போய்விடுவார். முதல் இரண்டு வருடத்தில் என் நோட்டு முழுக்கச் சிவப்புக் கோடுதான்.

இனி தானியேல் விஷயம். அதற்கு முன்னால் பாடு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். ஏரியில் எறா, அதாவது இறால், நன்றாக விழும் இடங்கள் சிலதான் உண்டு. எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை போட்டால் வெட்டுக்குத்துதான். அதனால் எந்த நாள் எந்த வீட்டு முறை என்று ஊர்ப் பெரியவர்கள் வரிசை போட்டுவிடுவார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர். ஒரு முறையை விட்டால் அடுத்தது சுற்றி வர இருபது நாளாவது ஆகும்.

அந்தக் குப்பத்தில் நூறு வீடு இந்துக்கள், பத்து வீடு நம் சபையார். வரிசை ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துச் சுற்றாது. நம் ஆட்களில் சிலர் பாடு ஞாயிறு வந்தால் ஏரிக்குப் போய்விடுவார்கள், சிலர் பக்கத்து வீட்டோடு நாளை மாற்றிக்கொள்வார்கள். ஆயர் இதைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. ஆராதனையில் ஆண்கள் பக்கம் காலியாக இருந்தால் என் மானம் போகிற மாதிரி இருக்கும். நான் நிலத்தில் பிறந்தவள். வயலில் ஞாயிறு விட்ட வேலையைத் திங்கட்கிழமை செய்துகொள்ளலாம், நெல் எங்கும் ஓடிவிடாது. ஏரியும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

தானியேலுக்கு அப்போது இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். சிரித்த முகம். அவன் மனைவி ரெபேக்காள் ஆறாவது மாதம். கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, படகுத்துறையில் வலையை உதறிக்கொண்டிருந்தான்.

“ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வருவ இல்ல?” என்றேன்.

“இல்லக்கா. அன்னிக்கு எங்க பாடு.”

“பக்கத்தூட்டு ஏழுமலையோட மாத்திக்கோயேன். அவனுக்குத் திங்கக்கெழமதான?”

“மாத்தலாம். ஊட்ல திட்டுவா. திங்கக்கெழம காத்து எப்டி இருக்கும்னு யாருக்குத் தெரியும்?”

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

“ஆண்டவரோட நாள்ல வலை போட்டா அவரு சும்மா உடமாட்டாரு தானியேலு. உங்கூட்ல வயித்துப்புள்ளக்காரி கீறா. யோசிச்சுக்கோ.”

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. வலையை மடித்துப் போட்டுவிட்டு, “சரிக்கா, மாத்திக்கறேன்” என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நோட்டில் ‘தானியேல் மனந்திரும்பினான்’ என்று எழுதினேன்.

ஞாயிறு ஏரி தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தது. தானியேல் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழுமலை கூடை கூடையாக எறா கொண்டுவந்தான். திங்கட்கிழமை விடியும்போதே வாடைக்காற்று கிளம்பிவிட்டது. ஏழுமலை துறையில் நின்று, “போவாதடா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்” என்று சொல்லியிருக்கிறான். ஒரு நாளைத்தான் ஏற்கெனவே விட்டாயிற்றே, இதையும் விட்டால் இருபது நாள் என்று தானியேல் தன் தம்பியை ஏற்றிக்கொண்டு போனான். முகத்துவாரத்துப் பக்கம் படகு கவிழ்ந்தது. தம்பி நீந்திக் கரைக்கு வந்துவிட்டான். தானியேலுக்குக் கால் வலையில் சிக்கிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை மதியம் உடலை எடுத்தார்கள்.

அடக்கத்தில் நான்தான் ரெபேக்காளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “ஆண்டவரோட சித்தம்மா, ஆண்டவரோட சித்தம்” என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்படிச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பு எரியவில்லை.

“சாப்பிட்டியா?”

“ஒபாசம்” என்றாள்.

“வயித்துல புள்ளைய வெச்சிகினு இன்னாடி ஒபாசம்?”

அப்போதுதான் சொன்னாள். பாடு நாளை மாற்றிக்கொண்டேன் என்று தானியேல் வந்து சொன்ன அன்று இவள் கத்தியிருக்கிறாள். ‘உங்க கோயிலு வந்து சோறு போடுமா, உன் ஆண்டவரு வந்து எறா புடிச்சுக் குடுப்பாரா’ என்று. ஆண்டவருடைய நாளைத் திட்டியதால் அவருக்குக் கோபம், அதனால் புருஷனை எடுத்துக்கொண்டார், கோபம் இன்னும் அடங்கவில்லை, அடுத்தது வயிற்றில் இருப்பது. இப்படி அவளே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தாள். கோபத்தைத் தணிக்க ஒரு வேளை மட்டும் கஞ்சி, திங்கட்கிழமை அதுவும் இல்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் அங்கேயே தெரிந்தது. ஆனால் செய்யவில்லை. “ஆண்டவர் அப்படியில்லம்மா” என்று முனகிவிட்டுப் படகேறிவிட்டேன்.

அடுத்த வாரம் கரையில் நற்செய்திக் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்தார். ஏரியில் ஆள் செத்தது அவர் காதில் விழுந்திருக்கிறது, மற்றது ஒன்றும் தெரியாது. “ஓய்வுநாளை மிதித்தவனை ஏரி விழுங்கியது!” என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். செத்தவன் ஓய்வுநாளை ஆசரித்துவிட்டுத்தான் செத்தான் என்று எழுந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ரெபேக்காள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அந்த ஒரு வேளைக் கஞ்சியும் பாதியாகிவிட்டது.

இறையியல் படிக்கும் மாணவர் ஒருவர் எங்கள் சபைக்குப் பயிற்சிக்கு வந்திருந்தார். தங்கமான மனிதர். அவரை அழைத்துக்கொண்டு போனேன். எனக்குப் பதிலாக அவர் காரியத்தை முடித்துவிடுவார் என்று ஓர் ஆசை. அவர் தரையில் உட்கார்ந்து, கடவுளுக்குக் கோபமே கிடையாது, கோபம் என்பது நாம் அவர்மேல் ஏற்றிச் சொல்வது, அவர் முழுக்க முழுக்க அன்பு என்று அழகாகப் பேசினார். ரெபேக்காள் கடைசிவரை கேட்டாள்.

“கோவமே வராதுன்னா, எங்க ஊட்டுக்காரர எதுக்கு எடுத்தாரு? சும்மாவா?”

அவர் மடியில் இருந்த வேதத்தைப் புரட்டத் தொடங்கினார்.

“கோவத்துல எடுத்தாருன்னா மன்னாப்பு கேக்கலாம். சும்மா எடுத்தாருன்னா நான் இன்னா பண்ணுவேன் அண்ணா?”

அவர் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

கிராம நர்ஸ் என்னை வழியில் மறித்துத் திட்டினாள். எடை ஏறவே இல்லை, இரத்தமும் இல்லை, இப்படியே போனால் தாயோ பிள்ளையோ ஒன்றுதான் மிஞ்சும், நீங்கள் ஜெபம் பண்ணிக் கிழித்தது போதும், சாப்பிடச் சொல்லுங்கள் என்றாள்.

அந்தச் சனிக்கிழமை ஆயர் என் நோட்டைப் படித்தார். ‘ரெபேக்காள். துக்கம், உபவாசம். தானியேலின் மரணம் ஆண்டவருடைய சித்தம் என்று ஆறுதல் சொன்னேன்.’ பென்சில் நின்றது. கோடு போட்டார்.

“அந்தப் பையன் ஏம்மா திங்கக்கிழமை போனான்? அவன் முறை ஞாயிறுன்னு ஏழுமலை சொன்னானே.”

எல்லாவற்றையும் சொன்னேன். துறையில் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன், வயிற்றுப்பிள்ளையை இழுத்ததையும் சேர்த்து. சொல்லிவிட்டு, திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பழைய நோட்டை எடுத்துவரச் சொன்னார். ‘தானியேல் மனந்திரும்பினான்’ என்ற பக்கத்தைத் தேடி எடுத்தார். அந்த வாரம் அதற்குக் கோடு போடாமல் விட்டிருந்தார்.

“நானும் சந்தோஷப்பட்டுட்டேன்” என்றார். பிறகு சொன்னார்: “நீ பண்ண தப்புக்கு ஆண்டவர் மேல கேஸ் எழுதிட்டு, நீ சாட்சி மாதிரி பக்கத்துல உக்காந்திருக்க சாரா.”

“அய்யா, நீங்களே தீர்ப்பு உண்டுன்னு பிரசங்கம் பண்றீங்களே.”

“உண்டு. அதனாலதான் அதுல நாம கை வைக்கக் கூடாது. போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு.”

“அவ அடிப்பா அய்யா.”

“அடிச்சா வாங்கிக்கோ.”

நீங்களும் வாருங்கள் என்று கெஞ்சினேன். யோசித்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினார். “நான் வந்தா மரியாதைக்கு அழுவா. கோவப்பட மாட்டா. நீ மட்டும் போ.”

திங்கட்கிழமை காலை முதல் படகில் போனேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கை கால் குச்சி, வயிறு மட்டும் தனியாகத் தெரிந்தது. வேதத்தைத் திறக்கவில்லை. நின்றுகொண்டே சொல்லிவிட்டேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு போலீஸ்காரர் மாதிரி கேட்டாள். எந்தக் கிழமை? துறையில் எந்த இடம்? யார் யார் இருந்தார்கள்?

“அவரு இன்னா சொன்னாரு?”

“ஊட்ல திட்டுவான்னு சொன்னான். திங்கக்கெழம காத்து எப்டியோன்னு சொன்னான்.”

“அவருக்கு இஷ்டமில்லையா?”

“இல்லம்மா. நான்தான் பயமுறுத்தினேன்.”

“இன்னா சொல்லிப் பயமுறுத்துன?”

சொன்னேன். அவள் கை தானாக வயிற்றுமேல் போயிற்று.

“என் வயித்தக் காட்டியா?”

“ஆமா.”

“அப்ப அது ஆண்டவரு சொல்லல. நீ சொன்ன.”

“நான்தான் சொன்னேன்.”

எழுந்தாள். எங்கிருந்து அந்தத் தெம்பு வந்ததோ தெரியாது. என் பையைப் பிடுங்கி வாசலில் எறிந்தாள். வேதம் சேற்றில் விழுந்தது. “எழவெடுத்தவளே, படி எறங்குடி! எம்புருஷனத் துன்னுட்டு எங்கூட்டுக்கே வந்து ஜெபம் பண்ணியா? ஆறுதல் சொன்னியா?” என்று கத்தினாள். தெருவே கூடிவிட்டது. அவள் மாமியார் வந்து பிடித்தாள், உதறிவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் சொன்னதில் தப்பாக ஒரு வார்த்தை இல்லை. அரைமணி நேரம் திட்டியிருப்பாள், எனக்கு அரைநாள் மாதிரி இருந்தது.

துறையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் வேதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏழுமலையின் மனைவி வேகமாக வந்தாள். இன்னும் திட்டு பாக்கி இருக்கிறது போல என்று நினைத்தேன்.

“இன்னாக்கா பண்ண அவள? கத்தி கத்தி பசி எடுத்துச்சாம். எங்கூட்டுக்கு வந்து பழைய சோத்துப் பானையையே இழுத்து வெச்சிகினு துன்றா. கருவாடு கேக்கறா.”

அன்று திங்கட்கிழமை. நான் துறையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மாசி மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, ஆனால் குரல் மட்டும் அம்மா மாதிரி என்று நர்ஸ் சொன்னாள். ஞானஸ்நானத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. ரெபேக்காள் ஒரு ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சத்தமாகப் பாடுவாள். நான் வேதபாடம் வாசிக்க எழுந்தால் மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை, என் வேலைக்காலம் முழுக்க.

நான் மாற்றல் கேட்கலாம் என்று நினைத்தேன். ஆயர் விடவில்லை. “அவ கோவம் அவளோடது. நீ ஓடிட்டா அத அவ எங்க கொண்டுபோய் வெப்பா?” என்றார். அப்புறம் அவருக்கே மாற்றல் வந்து தெற்கே போனார். சில வருடம் கழித்துக் காலமானார் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சிவப்புப் பென்சில் எங்கே போயிற்றோ. அதற்குப் பிறகு வந்த ஆயர்கள் நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டார்கள். நானே எனக்குக் கோடு போட்டுக்கொண்டேன். ‘ஏன் இப்படி ஆச்சு?’ என்று யார் கேட்டாலும் ‘தெரியலம்மா’ என்றே கடைசிவரை சொன்னேன். பைபிளம்மாவுக்கே தெரியலையாம் என்று சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

வேலையின் கடைசி வாரம் எல்லாக் குப்பத்துக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தக் குப்பத்தில் ஒன்பது வீடு முடித்துவிட்டுத் துறைக்கு நடந்தேன். பத்தாவது வீடு வழியில்தான் இருக்கிறது. எப்போதும் போல அதைப் பார்க்காத மாதிரி தாண்டப் போனேன். வாசலில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் பேசினாள்.

“இன்னியோட முடிஞ்சுதாமே?”

எனக்குக் கால் நின்றுவிட்டது. “ஆமா ரெபேக்கா.”

“எம்பொண்ணுக்குப் புள்ள பொறந்துகீது. கேள்விப்பட்டியா?”

“கேள்விப்பட்டேன்.”

கொஞ்ச நேரம் நண்டையே உடைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு.

“கோவம் போவல. போயிடும் போயிடும்னு பாத்தேன், போவல. சாவுற வரைக்கும் போவாதுன்னுதான் நெனக்கிறேன்.”

“சரிம்மா.”

“இன்னா சரி? உள்ள வா. கொழம்பு கொதிக்குது, துன்னுட்டுப் போ.”

தட்டு வைத்தாள். சோறு போட்டு, பெரிய நண்டாகப் பார்த்து இரண்டு வைத்தாள். பக்கத்தில் உட்காரவில்லை, அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, காரத்தின் மேல் பழியைப் போட்டேன். பாதி சாப்பிட்டதும் கேட்காமலேயே மறுபடியும் சோற்றை அள்ளிக்கொண்டு வந்தாள். நான் தட்டின்மேல் கையை வைத்து, போதும் என்றேன்.

“கோவம் உம்மேல. சோறு இன்னா பண்ணுச்சு? கைய எடு.”

கையை எடுத்தேன்.